டிராம் பக்கத்தை எப்போது மூடுவது? தாமதத்தைக் குறைக்கும் தகவமைப்பு முறை

செயலி கேட்கும் தரவு அதன் சிறிய, வேகமான இடைநினைவகமான கேஷில் இல்லாதபோது, அந்தக் கோரிக்கை நினைவகத்துக்குக் கட்டளை அனுப்பும் மெமரி கன்ட்ரோலர் வழியாக டிராம் (DRAM, கணினியின் முதன்மை நினைவகம்) சில்லுகளைச் சென்றடைகிறது. அங்கே எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது, தரவு இருக்கும் பக்கம் ஏற்கெனவே திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா, அல்லது அதே பேங்கில் (சில்லுக்குள் தனித்தனியாக இயங்கும் நினைவகப் பகுதிகளில் ஒன்று) வேறொரு பக்கம் திறந்து கிடக்கிறதா என்பதைப் பொறுத்தது. (இங்கே பக்கம் என்பது இயங்குதளம் கையாளும் 4 கிலோபைட் பக்கம் அன்று, டிராம் பேங்கின் ஒரு வரிசையையே வன்பொருள் துறையினர் பேஜ் என்கிறார்கள். அந்த வரிசையைப் பேங்கின் இடையகத்துக்குக் கொண்டுவருவது திறப்பது, இடையகத்தை அடுத்த வரிசைக்குத் தயாராக்குவது மூடுவது. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் பலர்.) சிமுலேட்டரிலோ எஃப்பிஜிஏ என்னும் மாற்றியமைக்கக்கூடிய சில்லிலோ கன்ட்ரோலர் எழுதுபவர்கள், பக்கத்தை மூடும் நேரத்தை அந்தக் கன்ட்ரோலரே தன் தவறுகளைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும்படி அமைப்பது எப்படி என்பதை இங்கே காண்போம்.

கணக்கிலிருந்து தொடங்குவோம். 22-22-22 நேர அளவுகள் (படிக்க, திறக்க, மூட ஆகும் கடிகாரச் சுற்றுகள்) கொண்ட டிடிஆர்4-3200 நினைவகத்தில் ஒரு கடிகாரச் சுற்று 0.625 நானோவினாடி, எனவே 22 சுற்றுகள் 13.75 நானோவினாடி ஆகும். பக்கம் திறந்திருந்தால் படிக்க மட்டும் 13.75 நானோவினாடி போதும். மூடியிருந்தால் திறப்பதற்கும் சேர்த்து 27.5 ஆகிறது. வேறு பக்கம் திறந்திருந்தால் அதை மூடி, வேண்டியதைத் திறந்து, பிறகு படிக்க வேண்டியிருப்பதால் 41.25 ஆகிறது. ஆக, திறந்தே வைத்து அடுத்த கோரிக்கையும் அதே பக்கத்துக்கு வந்தால் 13.75 மிச்சம், வேறு பக்கத்துக்கு வந்தால் அதே 13.75 நட்டம். அடுத்த கோரிக்கை அதே பக்கத்துக்கு வரும் வாய்ப்பு 50 சதவீதத்தைத் தாண்டினால் திறந்து வைப்பதும், குறைந்தால் மூடிவிடுவதும் சரி. இந்த வாய்ப்பு நிரலுக்கு நிரல், பேங்குக்குப் பேங்க், ஏன் ஒரே நிரலின் வெவ்வேறு கட்டங்களிலும்கூட மாறுவதால்தான், எப்போதும் திறந்து வைக்கும் முறையும் எப்போதும் உடனே மூடும் முறையும் ஏதோ ஓரிடத்தில் தோற்கின்றன.

மூடும் முறையில் கை வைப்பதற்கு முன், எந்த முகவரி எந்தப் பேங்கின் எந்தப் பக்கத்துக்குச் செல்கிறது என்ற முகவரிப் பங்கீட்டைச் சரிபார்ப்பது நல்லது. 8 சில்லுகள் சேர்ந்த ஒரு ரேங்கில் ஒரு பக்கம் 8 கிலோபைட், அதாவது 64 பைட் கொண்ட 128 கேஷ் வரிகள். அடுத்தடுத்த கேஷ் வரிகளில் சிலவாவது ஒரே பக்கத்தில் அமையாவிட்டால், திறந்து வைப்பதில் பயனே இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு: கேஷின் ஒரே செட்டில் (இடத்தொகுதியில்) போட்டியிடும் முகவரிகள் பெரும்பாலும் ஒரே பேங்கின் வெவ்வேறு பக்கங்களில் விழுகின்றன, ஆகவே புதிய வரியைப் படிப்பதும் வெளியேற்றப்பட்ட வரியை எழுதுவதும் மாறி மாறி மோதுகின்றன. பேங்க் எண்ணின் பிட்களைப் பக்க எண்ணின் கீழ்ப் பிட்களுடன் எக்ஸ்ஓஆர் (XOR, இரண்டு பிட்கள் வேறுபட்டால் மட்டும் 1 தரும் செயல்) செய்தால் இந்த மோதல்கள் பல பேங்குகளுக்குப் பரவிவிடும். செலவே இல்லாத திருத்தம் இது. இதைச் செய்யாமல் தகவமைப்பில் இறங்குவது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது போன்றது.

அடுத்து, காத்திருப்பு வரிசையைக் கன்ட்ரோலர் பார்க்கட்டும். அதே பக்கத்துக்கு இன்னொரு கோரிக்கை வரிசையில் நிற்கிறது என்றால் மூடக் கூடாது. அப்படி எதுவும் இல்லாமல் அதே பேங்கின் வேறு பக்கத்துக்கு ஒன்று நிற்கிறது என்றால், கடைசிப் படிப்புக் கட்டளையிலேயே தானியங்கி மூடலையும் சேர்த்து அனுப்பிவிடலாம். ஜெம்5 சிமுலேட்டரின் ஓப்பன் அடாப்டிவ் முறை செய்வது இதைத்தான். கண்ணெதிரே இருப்பதை ஊகிக்க வேண்டியதில்லை. வரிசை காலியாக இருக்கும்போதுதான் ஊகம் தேவைப்படுகிறது.

அந்த ஊகத்துக்காக ஒவ்வொரு பேங்குக்கும் ஒரு டைமர் வையுங்கள். கடைசி அணுகலுக்குப் பின் அவ்வளவு நேரம் யாரும் வராவிட்டால் பக்கம் மூடப்படும். டைமரின் அளவை இரண்டு எண்ணிகள் தீர்மானிக்கட்டும். பேங்க் 3-இல் டைமர் 100 நானோவினாடி என்று கொள்வோம். பக்கம் 40 படிக்கப்பட்டு, 100-ஆவது நானோவினாடியில் மூடப்படுகிறது. 130-இல் மீண்டும் பக்கம் 40-க்கே கோரிக்கை வருகிறது. இது அவசர மூடல். முதல் எண்ணியில் ஒன்று கூடும். பிறகு பக்கம் 40 திறந்திருக்க, கடைசி அணுகல் முடிந்து 60 நானோவினாடியில் பக்கம் 91-க்குக் கோரிக்கை வருகிறது. இது தாமத மூடல். இரண்டாவது எண்ணியில் ஒன்று கூடும். 1,024 அணுகல்களுக்கு ஒருமுறை இரண்டையும் ஒப்பிட்டு, அவசர மூடல் மிகுந்தால் டைமரை நீட்டவும், தாமத மூடல் மிகுந்தால் சுருக்கவும், பிறகு இரண்டையும் பூச்சியமாக்கவும். திறக்கும் நேரமும் மூடும் நேரமும் சமமாக இல்லாத நினைவகத்தில், ஒவ்வொரு தவறையும் அதன் உண்மையான செலவால் பெருக்கி ஒப்பிட வேண்டும்.

அவசர மூடலைக் கண்டுபிடிக்க, கடைசியாக மூடிய பக்கத்தின் எண்ணைப் பேங்குவாரியாக நினைவில் வைத்திருக்க வேண்டும். 8 பிட் அகலமுள்ள 8 கிகாபிட் டிடிஆர்4 சில்லில் பக்க எண் 16 பிட், பேங்குகள் 16. ரேங்குக்கு 256 பிட்களே ஆகும். இந்தச் சிறு செலவைத் தவிர்ப்பதற்காக எல்லாப் பேங்குகளுக்கும் ஒரே டைமர் வைப்பவர்கள் உண்டு. ஒரு பேங்கில் தொடர் வாசிப்பும் இன்னொன்றில் சிதறிய வாசிப்பும் நடக்கும்போது அந்த டைமர் இரண்டுக்கும் பொருந்தாது என்பதால், அதை நான் பரிந்துரைப்பதில்லை.

எதைத் தவறு என்று எண்ணுவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பக்கத்தைத் திறந்தபின் குறைந்தது 32 நானோவினாடி மூடவே முடியாது. எழுதிய பின் இன்னும் 15 நானோவினாடி காத்திருக்க வேண்டும். அதற்குள் வந்து மோதும் கோரிக்கையை எந்த டைமராலும் தவிர்த்திருக்க முடியாது, எனவே அதைத் தாமத மூடலில் சேர்க்கக் கூடாது. அதுபோலவே, வழக்கமான வெப்பநிலையில் சராசரியாக 7.8 மைக்ரோவினாடிக்கு ஒருமுறை வரும் புதுப்பிப்புக்கு (கசியும் மின்னூட்டத்தை மீண்டும் நிரப்பும் வேலை) எல்லாப் பேங்குகளும் மூடியிருக்க வேண்டும். அதற்காக மூடிய பக்கம் திரும்பத் திறக்கப்பட்டால் அது டைமரின் குற்றம் அன்று. மூடியது யார் என்பதைக் குறிக்க ஒரு பிட் ஒதுக்குங்கள்.

சோதனையில் பக்கம் திறந்திருந்த விகிதத்தை மட்டும் பார்த்து மகிழ வேண்டாம். சராசரி வாசிப்புத் தாமதமே அளவுகோல். திறந்த பக்கத்துக்கே முன்னுரிமை தந்துகொண்டிருந்தால் மற்ற கோரிக்கைகள் பட்டினி கிடக்கும். ஜெம்5 ஒரு பக்கத்துக்குத் தொடர்ச்சியாக 16 அணுகல்கள் என்று இயல்பாகவே வரம்பு வைத்திருக்கிறது. பிறகு, சிதறிய முகவரிகளைப் படிக்கும் பல சங்கிலிகளை (ஒரு வாசிப்பின் விடையே அடுத்த முகவரியைத் தரும் தொடர்களை) ஒரே நேரத்தில் ஓட விடுங்கள். கோரிக்கைகள் போதிய அளவு நெருங்கி வந்தால் டைமர் கீழ் எல்லையை நோக்கி இறங்க வேண்டும். இறங்காமல் நடுவிலேயே தங்கிவிட்டால், புதிய பக்கத்தைத் திறக்கும்போது ஒப்பீட்டுக்கு முன்பே பழைய பக்க எண்ணின் மேல் புதிய எண்ணை எழுதிவிடுகிறீர்களா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் வரும் ஒவ்வொரு பக்கமும் இப்போதுதான் மூடிய பக்கம் போலவே தெரியும்.