ஊக்கப்படுத்துகிறோம் என்று தலைமை ஆசிரியர்கள் செய்யும் தவறுகள்

புதிதாகத் தலைமை ஆசிரியர் பொறுப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ஸ்டாஃப்கிட்ட எப்படி சார் வேலை வாங்குறது?" கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பதினோரு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் நான். என் அனுபவத்தில், ஆசிரியர்களும் பிள்ளைகளும் காலையில் கேட்டுக்குள் நுழையும்போது கொஞ்சம் ஆர்வத்தோடுதான் வருகிறார்கள். அதைச் சாயங்காலம் வரை கெடுக்காமல் பார்த்துக்கொள்வதே நம் வேலையில் பாதி. நல்லது என்று நினைத்து நாம் செய்கிற சில காரியங்கள்தான் அதைக் கெடுத்துவிடுகின்றன. அவற்றில் பலவற்றை நானே செய்திருக்கிறேன்.

நாலு பேர் முன்னால் கண்டிப்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கு நாங்கள் கொடுத்த விலை பெரிது.

எங்கள் பள்ளியில் ஒரு கணக்கு டீச்சர் இருந்தார். பத்தாம் வகுப்பில் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பன்னிரண்டு பிள்ளைகளை, கடைசி மணி அடித்த பிறகு வேப்பமரத்தடியில் உட்காரவைத்து ஐந்தரை மணி வரை சொல்லிக்கொடுப்பார். யாரும் கேட்டு அவர் அதைச் செய்யவில்லை. ஒருநாள் அவர் வரும் டவுன் பஸ் தாமதம். பிரேயர் முடிந்து பிள்ளைகள் வரிசையாக வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் உள்ளே வந்தார். நான் வராந்தாவில் நின்றபடி கைக்கடிகாரத்தைக் காட்டி, "டீச்சர், பிள்ளைங்களை நேரத்துக்கு வரச் சொல்றது நாம. நாமளே இப்படி வந்தா எப்படி?" என்றேன். சத்தம்கூடப் போடவில்லை. ஆனால் ஆறாம் வகுப்பு வரிசை அப்படியே நின்று பார்த்தது. அவர் பதில் பேசாமல் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனார்.

மறுநாளிலிருந்து ஒரு பஸ் முன்னதாகவே வந்துவிட்டார். அப்புறம் ஒருநாளும் தாமதமில்லை. சாயங்காலம் 4.10க்கு மணி அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியும்விடுவார். வேப்பமரத்தடி வகுப்பு நின்றுபோனது. விதிப்படி அவர் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. பதினைந்து நிமிடத்தைப் பிடிக்கப் போய் வாரத்துக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் இழந்தோம். இழந்தது நானில்லை, அந்தப் பன்னிரண்டு பிள்ளைகள்.

தனியாகக் கூப்பிட்டு, "என்னம்மா ஆச்சு, பஸ் லேட்டா?" என்று கேட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அடுத்த தவறையும் சொல்லிவிடுகிறேன். சில நாள் கழித்து அவரை அறைக்குக் கூப்பிட்டு வருத்தம் தெரிவித்தேன். அவர் தலையாட்டினார், எதுவும் மாறவில்லை. எல்லார் பார்க்கவும் அவமானப்படுத்திவிட்டு, மன்னிப்பை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டால் அது எப்படிச் செல்லும்? ஸ்டாஃப் மீட்டிங்கில் எல்லார் முன்னிலையிலும், அன்றைக்கு நான் பேசியது தவறு என்று சொன்னேன். அதற்குப் பிறகும் அரையாண்டுத் தேர்வு வரை ஆனது, மரத்தடியில் மறுபடி பிள்ளைகள் உட்கார.

மெமோவும் இந்த வகைதான். 17 ஏ, 17 பி என்று நாம் சொல்கிற ஒழுங்கு நடவடிக்கைகள் உண்மையான முறைகேடுகளுக்காக இருப்பவை. பாடக்குறிப்பு ஒருநாள் எழுதவில்லை என்பதற்கெல்லாம் அந்த எண்களை உச்சரிக்கிற தலைமை ஆசிரியரிடம், நிஜமாகவே தவறு நடக்கும்போது சொல்ல வார்த்தை மிச்சமிருக்காது.

அடுத்தது, வேலை செய்கிறவர் தலையிலேயே வேலையைக் கட்டுவது. ஒரு பள்ளியில் பாடம் நடத்துவதைத் தவிர எத்தனை வேலை இருக்கிறது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. பிள்ளைகளின் விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவு, உதவித்தொகை விண்ணப்பம், விலையில்லா சைக்கிள் பட்டியல், கலைத் திருவிழா, விளையாட்டுப் போட்டி, வங்கிக் கணக்கு தொடங்காத பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அலைவது என்று போய்க்கொண்டே இருக்கும். நமக்கு அவசரம். யாரிடம் கொடுத்தால் முடியுமோ அவரைக் கூப்பிட்டு, "நீங்க செஞ்சாத்தான் சார் சரியா இருக்கும்" என்கிறோம். முதல் தடவை அது அவருக்குப் பெருமை. ஐந்தாவது தடவை, திறமையாக இருந்ததற்குத் தண்டனை. அதற்குள், ஒதுங்கி இருப்பதே நல்லது என்பதை மற்றவர்களும் கற்றுக்கொண்டிருப்பார்கள்.

ஒரு வருஷம் எல்லாப் பொறுப்புகளையும் ஒரு சார்ட்டில் எழுதி, எதிரே பெயரையும் போட்டு ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டினேன். கருத்து எதுவும் எழுதவில்லை. ஒரே அறிவியல் ஆசிரியரின் பெயர் ஒன்பது இடத்தில் இருந்தது. மூன்று பேரின் பெயர் ஒரே ஒரு இடத்தில். இரண்டு நாள் யாரும் எதுவும் பேசவில்லை. மூன்றாம் நாள், ஓய்வுபெற இரண்டு வருஷமே இருந்த தமிழாசிரியர் ஒருவர் வந்து, "லைப்ரரியை எங்கிட்ட குடுங்க சார்" என்றார். அவர் எதற்கும் ஒத்துவர மாட்டார் என்று முந்தைய தலைமை ஆசிரியர் என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார், நானும் நம்பிவிட்டேன். அவரிடம் யாரும் கேட்டதே இல்லை என்பதுதான் விஷயம். பூட்டிக் கிடந்த பீரோவைத் திறந்து, புத்தகங்களைக் கொடி கட்டி வகுப்பறைகளில் தொங்கவிட்டார் அந்த மனிதர். நமக்கு முன்னால் இருந்தவர் ஒப்படைக்கும் சாவிக்கொத்தோடு ஊழியர்களைப் பற்றிய அபிப்பிராயமும் சேர்ந்து வரும். சாவியை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி பிள்ளைகள். 2017இல் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில, மாவட்ட ரேங்க் அறிவிப்பதைத் தமிழக அரசு நிறுத்தியது. நல்ல முடிவு என்று நாமும் பேசினோம். ஆனால் காலாண்டு முடிந்ததும் பிரேயரில் மதிப்பெண்ணைப் படித்து, 35க்குக் கீழே எடுத்தவர்களைத் தனி வரிசையில் நிற்கவைக்கிற பழக்கம் இன்னும் பல பள்ளிகளில் இருக்கிறது. ரோஷம் வந்து படிப்பான் என்பது நம் கணக்கு. ரோஷம் வருகிறவன், தனக்கு மரியாதை கிடைக்கிற இடத்துக்குத்தான் போவான்.

எங்கள் ஊரில் அந்த இடம் கல்யாண மண்டபம். முகூர்த்த நாள் எது என்று காலண்டரைப் பார்க்க வேண்டாம், ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் போதும். பையன்கள் கேட்டரிங் வேலைக்குப் போய்விடுவார்கள். அப்படிப் போய்க்கொண்டிருந்த ஒருவனிடம் கணக்கு டீச்சர், "ஒரு வாளி சாம்பார் எத்தனை இலைக்குடா வரும்?" என்று கேட்டார். அவன் யோசிக்கவே இல்லை. இலைக் கணக்கு, பந்திக் கணக்கு, ஐந்நூறு பேருக்கு எத்தனை வாளி, ஆள் கூடினால் எவ்வளவு தண்ணீராக விட வேண்டும் என்பது வரை சொல்லிக்கொண்டே போனான். டீச்சர் அதை அப்படியே விகிதக் கணக்காகப் போர்டில் எழுதி, "இதைத்தான் நீ வராதுன்னு சொல்ற" என்றார். அரையாண்டில் அவன் எடுத்தது 38. முகூர்த்தத்துக்குப் போவதை அவன் முழுசாக விட்டுவிடவில்லை, வீட்டு நிலைமை அப்படி. ஆனால் போன மறுநாள் பள்ளிக்கூடம் வந்தான். முன்பெல்லாம் ஒரு வாரம் வரமாட்டான்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடுக்கிறது. பிரம்பைக் கீழே போட்டுவிட்டோம், நாக்கைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. "மெல்லக் கற்போர்" என்ற ஆவணச் சொல்லைப் பிள்ளையின் முகத்துக்கு நேராகச் சொல்கிறோம். "மெல்லக் கற்போர் எல்லாம் அந்தப் பக்கம் உட்காருங்க" என்று நான் காதாரக் கேட்டிருக்கிறேன். பட்டியலில் இருக்கட்டும் அந்தச் சொல், வகுப்பில் வேண்டாம்.

'சென்டம் ரிசல்ட்', அதாவது நூறு சதவீதத் தேர்ச்சி வேண்டும் என்று, ஒன்பதாம் வகுப்பிலேயே பலவீனமான பிள்ளையின் பெற்றோரைக் கூப்பிட்டு டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்வதைப் பற்றி நீட்டி எழுத எனக்கு மனம் வரவில்லை. அது தவறு என்ற சொல்லுக்குள் அடங்காது. செய்யாதீர்கள்.

பிரேயரில் நீளமாகப் பேசுவது சின்ன விஷயமாகத் தோன்றும். நானும் தன்னம்பிக்கை, விடாமுயற்சி என்று பத்து நிமிடம் பேசுவேன். ஆறாம் வகுப்பில் அடிக்கடி யாராவது தலைசுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். வெயில் என்று நினைத்தேன். பி.இ.டி. சார்தான் ஒவ்வொருவராகக் கேட்டுவிட்டு வந்து சொன்னார்: "சார், பசங்க சாப்பிடாம வர்றாங்க." 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கானது. போன வருஷம் வரை தொடக்கப் பள்ளியில் சூடாக உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்ட பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்கு வந்ததும் வெறும் வயிற்றோடு நிற்கிறார்கள். விடியற்காலையில் வேலைக்குப் போகிற அம்மாக்கள் அதற்குள் அந்த ஏற்பாட்டுக்குப் பழகியிருந்தார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இதைச் சொன்னோம். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது ஏன் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. தீர்மானத்தில் கையெழுத்து வாங்க மட்டுமே அதுவரை அவர்களைக் கூப்பிட்டிருந்தேன். அவர்களோ, எந்தெந்தத் தெருவில் எந்தெந்த வீட்டில் காலையில் அடுப்பு எரிவதில்லை என்று பெயரோடு சொன்னார்கள். என் பேச்சை இரண்டு நிமிடமாகக் குறைத்தேன். முதல் பீரியடுக்கு முன்னால் சுண்டலுக்கு ஊர்க்காரர்கள் ஏற்பாடு செய்தார்கள்.

வகுப்பைப் பார்வையிடுவதிலும் நாம் தவறுகிறோம். வாசலில் நின்று இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, பதிவேட்டில் சிவப்பு மையில் "கரும்பலகையைப் பயன்படுத்துவதில் கவனம் தேவை" என்று எழுதிவிட்டுப் போகிறோம். நான் அப்படி எழுதிய ஒரு வகுப்பில் பிறகு ஒருநாள் கடைசி பெஞ்சில் முழு பீரியடும் உட்கார்ந்தேன். பதினொரு மணி வெயில் ஜன்னல் வழியாக விழுந்து போர்டின் வலது பாதி கண்ணாடி போலப் பளபளத்தது. எழுத்தே தெரியவில்லை. அதனால்தான் அந்த ஆசிரியர் இடது பாதியில் மட்டும் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தார். தேவைப்பட்டது ஒரு டப்பா பெயின்டும் ஒரு திரைத்துணியும்.

கடைசியாக, பெற்றோருக்குப் போன் செய்வது. பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் புகார் என்றே ஆகிவிட்டது. வாரத்துக்கு மூன்று வீட்டுக்காவது நல்ல செய்திக்காகப் பேசுவது என்று வைத்துக்கொண்டேன். முதல் நாள் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மாவை அழைத்தேன். நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார். குரலைக் கேட்டதுமே, "ஐயா, என்ன பண்ணித் தொலைச்சான்?" என்றார் பதறி. தமிழ்நாட்டு வரைபடத்தைப் பார்க்காமல் வரைந்து ஆறுகளைச் சரியாகக் குறித்திருக்கிறான், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் மண்வெட்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

"இருங்க ஐயா, ஸ்பீக்கர்ல போடுறேன். மறுபடி சொல்லுங்க, இவங்களும் கேக்கட்டும்" என்றார்.