பெட்டியில் 18 என்று இருந்தால்: பிள்ளைக்கு அந்த கேம் சரியா என்று பார்ப்பது எப்படி

டிசம்பர் லீவுக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். ஒரு கேமுக்கு ஒன்றரை மணி நேரம் போதும்.

படி 1: முத்திரை

தென்னாப்பிரிக்காவில் படங்களுக்கும் கேம்களுக்கும் வயதுத் தரம் போடும் அமைப்பான எஃப்பிபியின் முத்திரைதான் கணக்கு. எண்ணோடு பிஜி (பெற்றோர் வழிகாட்டல்) சேர்ந்திருந்தால் பெரியவர் துணை வேண்டும். வெறும் 13, 16, 18 என்றால் அந்த வயதுக்குக் கீழே கிடையாது. செகண்ட் ஹேண்ட் டிஸ்க்கில் ஐரோப்பாவின் வயதுத் தரமான பெகி எண் மட்டும் இருக்கலாம். அதோடு நிறுத்தாமல் அமெரிக்காவின் வயதுத் தர அமைப்பான ஈஎஸ்ஆர்பி தளத்தில் கேமின் பெயரைத் தேடுங்கள். எந்தக் காட்சியில் என்ன வருகிறது என்று ஒரு பத்தி இருக்கும். என்னைக் கேட்டால், நட்சத்திர மதிப்பெண் போடும் விமர்சனங்கள் பத்தைவிட இந்த ஒரு பத்தி மேல்.

படி 2: யார் கையால் நடக்கிறது?

சறுக்கும் இடம் இதுதான். ஃபால்அவுட் 4, டெட்ராய்ட்: பிகம் ஹ்யூமன் இரண்டுக்கும் பெகி 18. முன்னதில் துப்பாக்கிச் சூடும் சிதறும் உடலும் ஓயாமல் வரும். கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். பின்னதில் ரத்தம் குறைவு, ஆண்ட்ராய்டுகளின் (மனித உருவ ரோபோக்களின்) ரத்தமோ நீலம். மேலோட்டமாகப் பார்த்தால் இதுதான் சாது. ஆனால் தொடக்கத்திலேயே ஒரு மழை இரவு வருகிறது. போதையில் இருக்கும் தகப்பன் மகளை அடிக்கப் போகிறான்; வீட்டு வேலை செய்யும் ஆண்ட்ராய்டிடம் 'அசையாதே' என்கிறான். அந்த ஆண்ட்ராய்டை இயக்கும் கன்ட்ரோலர் உங்கள் பிள்ளை கையில். கட்டளையை மீறாமல் நின்றுவிட்டால் அந்தச் சிறுமி இறந்துவிடுகிறாள். 17 வயதுக்காரரோடு உட்கார்ந்து பேச நல்ல காட்சி, 13க்கு வேண்டாம். வீட்டில் அடிதடி பார்த்த பிள்ளை என்றால் எந்த வயதானாலும் யோசியுங்கள்.

டிரெய்லரில் இது பிடிபடாது. பேச்சில்லாமல் ஆடிக் காட்டும் யூடியூப் வீடியோவில் முதல் 40 நிமிடம், நடுவில் 20 நிமிடம், கடைசி 15 நிமிடம் பாருங்கள். 480பியில் வைத்தால் டேட்டா ஏறக்குறைய அரை ஜிபிதான்.

படி 3: செட்டிங்ஸ்

சைபர்பங்க் 2077இல் நிர்வாணத்தை மறைக்கும் தேர்வு உண்டு. அது உடலை மட்டும்தான் மூடும். பேச்சு, போதை, கொலை எல்லாம் அப்படியே இருக்கும். பிள்ளையே இரண்டு அழுத்தில் அதை மாற்றிவிடலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

படி 4: பூட்டு

பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கன்சோலில் பிள்ளைக்குத் தனிக் கணக்கு திறந்து வயது வரம்பு போடுங்கள். அப்பா கணக்கில் ஆடினால் அந்த வரம்பு செல்லாது. எனவே பெரியவர்கள் கணக்கில் நுழையவும் பாஸ்கோட் வையுங்கள்.

பின்சேர்க்கை: பூட்டிய பிறகும் ஆடுகிறான் என்பவர்கள் இரண்டு இடங்களைப் பாருங்கள். கன்சோல் கட்டுப்பாட்டுக்கான கடவு எண் வாங்கும்போதே 0000. முதலில் அதை மாற்றுங்கள். பிறகு அதே பக்கத்தில் புதுப் பயனர், விருந்தினர் நுழைவு இரண்டையும் தடை செய்யுங்கள். இல்லாவிட்டால் பிள்ளை புதுப் பெயரில் உள்ளே போய்விடும்.

ஆன்லைன் ஆட்டத்தில் மைக்கில் யார் என்ன பேசுவார் என்பதற்கு எந்த முத்திரையும் பொறுப்பேற்காது. வாய்ஸ் சாட்டைத் தனியாக அணைக்க வேண்டும்.