குட்டி வந்த கிழமையே சீப்பை எடுங்கள்

"குட்டி இன்னும் சின்னன்தானே தம்பி, முடி கொஞ்சம் வளரட்டும், பிறகு வாங்கோ." கொழும்பில் வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் வீடு வீடாகப் போய் நாய்களுக்கு முடி வெட்டும் எனக்கு இந்தப் பதில் மனப்பாடம். அந்தப் "பிறகு" வரும்போது குட்டிக்கு எட்டு, ஒன்பது மாதம் ஆகியிருக்கும். காதுக்குப் பின்னால், முன்னங்கால் மடிப்பில், கழுத்துப்பட்டிக்குக் கீழே எல்லாம் சிக்குப் பிடித்துச் சீப்பு இறங்காது. ஒட்ட வழிப்பதைத் தவிர வேறு வழியிருக்காது. அதுவரை யாரும் காலைக்கூடப் பிடித்துப் பார்க்காத பிள்ளைக்கு முதல் அனுபவமே முன்பின் தெரியாத ஒருத்தன் அமத்திப் பிடித்துக் காதருகே மெஷினை இரைய விடுவது. அதன் பிறகு என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே கட்டிலுக்குக் கீழே ஓடிவிடும்.

நாய்க்குட்டி புது விஷயங்களைப் பெரிய பயமில்லாமல் ஏற்றுக்கொள்வது ஏறக்குறைய 3ஆவது வாரத்திலிருந்து 14ஆவது வாரம் வரைதான். 8 வாரத்தில் வாங்கி வந்தால் உங்கள் கையில் இருப்பது மிச்சக் காலம். அது போனாலும் பழக்கலாம், ஆனால் இரண்டு மடங்கு பாடுபட வேண்டும்.

முதலில் பிரஷ் வேண்டாம், கை போதும். குட்டி தூங்கி எழுந்து, சிறுநீர் கழித்து, ஆட்டம் அடங்கியிருக்கும் நேரமாகப் பார்த்துத் தரையில் உட்காருங்கள். உப்பு, வெங்காயம் சேர்க்காமல் அவித்த கோழி இறைச்சியை நார் நாராகப் பிய்த்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். "கால்" என்று சொல்லுங்கள். தோளில் கை வைத்து மெல்ல வழுக்கிக்கொண்டு பாதம் வரை இறக்கி, ஒரு மூச்சு நேரம் பிடித்து விடுங்கள். உடனே ஒரு துண்டு கோழி. இந்த ஒழுங்கு மாறக்கூடாது: தொட்ட பிறகுதான் கோழி. கோழியை முதலில் நீட்டிவிட்டுக் காலைப் பிடித்தால், நாலு நாளில் கோழியைக் கண்டாலே காலை மடக்கிக்கொள்ளும். குட்டி காலை இழுத்தால் இறுக்கிப் பிடிக்காதீர்கள். உங்கள் கையும் அதோடு போகட்டும், அது தளர்ந்ததும் விடுங்கள். அடுத்த முறை இன்னும் குறைந்த நேரம் பிடியுங்கள். இது பழகியதும் விரல் ஒவ்வொன்றையும் லேசாக அமத்தி நகத்தைத் தொடுங்கள். அப்புறம் காதை மடித்துப் பார்ப்பது, உதட்டைத் தூக்குவது, வாலைப் பிடிப்பது, நாடிக்கு, அதாவது தாடைக்குக் கீழே கை கொடுப்பது. நாடியைப் பிடிக்க விடுகிற நாய்க்குத்தான் கண்ணோரம் கத்தரிக்கோல் வைக்க எனக்குத் துணிவு வரும்.

குட்டி உதட்டை நக்குகிறதா, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுகிறதா, தலையைத் திருப்பிக் கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கிறதா? போதும் என்கிறது. வழக்கமாகப் பாய்ந்து தின்னும் கோழியை வேண்டாம் என்றால், நீங்கள் ஏற்கெனவே எல்லை தாண்டிவிட்டீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று நிமிடம் போதும். டிவியில் விளம்பரம் ஓடும் நேரத்துக்குள் முடித்துவிடலாம்.

அடுத்தது பிரஷ். முதல் நாளே உடம்பில் வைக்காமல் தரையில் போட்டு மணந்து பார்க்க விடுங்கள். பிறகு பிரஷின் முதுகுப் பக்கத்தால் தடவுங்கள். அதன் பிறகுதான் முள் பக்கம். மெல்லிய கம்பி முட்கள் நெருக்கமாக உள்ள ஸ்லிக்கர் பிரஷ் வாங்கினால் முதலில் உங்கள் முழங்கையின் உள்பக்கத்தில் இழுத்துப் பாருங்கள். அங்கே சுணைத்தால் குட்டிக்கும் சுணைக்கும். குட்டி பிரஷைக் கடித்து இழுக்கத் தொடங்கினால் விளையாட்டாக்கிவிடாமல், கடிக்க வேறு ஏதாவது கொடுங்கள்.

ஷிட்சு, லாசா, பூடில் வைத்திருப்பவர்கள் அகலப் பல்லும் நெருக்கப் பல்லும் உள்ள ஒரு இரும்புச் சீப்பும் வாங்கத்தான் வேண்டும். "தினமும் பிரஷ் பண்ணுறனான் தம்பி" என்று சொல்லும் அன்ரிமார் பொய் சொல்வதில்லை. மேல் முடி பட்டுப்போல இருக்கும், விலக்கிப் பார்த்தால் அடியில் கம்பளம். முடியை வகிடு வகிடாகப் பிரித்து, தோல் தெரிகிற இடத்திலிருந்து வாருங்கள். கடைசியில் சீப்பு தோலிலிருந்து நுனி வரை தடையில்லாமல் வந்தால்தான் வேலை முடிந்தது. சிக்கு இருந்தால் அடிமுடியை விரலால் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். கத்தரிக்கோலால் வெட்டவே வேண்டாம், சிக்குக்குள் தோலும் இழுபட்டு நிற்கும். குளிக்க வார்ப்பதற்கு முன்பே சிக்கெடுங்கள். நனைந்தால் இன்னும் இறுகும்.

பொமரேனியன் கதை வேறு. "கொழும்பு வெயிலுக்கு மொட்டை அடிச்சு விடுங்கோ" என்று கேட்பார்கள், நான் அடிப்பதில்லை. அதற்கு இரட்டை முடி: மேலே நீளமுடி, அடியில் பஞ்சு போன்ற முடி. வழித்துவிட்டால் சிலதுக்குத் திரும்ப ஒழுங்காக முளைக்காது, வெயிலும் நேரே தோலில் படும். குட்டி முடி உதிர்ந்து பெரிய முடி வரும் மாதங்களில் கீரிப்பிள்ளை மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள். உதிர்ந்த முடியை வாரி எடுத்தாலே காற்றோட்டம் கிடைக்கும்.

வாரும்போதே உண்ணி தேடுங்கள்: காது மடிப்பு, விரலிடுக்கு, கழுத்துப்பட்டிக்கு அடி. உண்ணிக் காய்ச்சல் இங்கே சாதாரணமாக வருகிறது, குட்டிகள் தாங்காது. கண்டால் தோலோடு ஒட்டினாற்போல இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் பூசும் பழைய வைத்தியம் குட்டியின் தோலைப் புண்ணாக்கும். உண்ணி மருந்தை வயதும் எடையும் பார்த்து மிருக வைத்தியர் சொல்லட்டும்.

நகம் வெட்டும்போது ஆசைப்படாதீர்கள். வெள்ளை நகத்தில் உள்ளே ரோஸ் நிறமாக நரம்பு தெரியும், கறுப்பு நகத்தில் தெரியாது. மெல்லிய சீவலாக வெட்டிக்கொண்டு போய், வெட்டிய முகத்தின் நடுவில் ஒரு புள்ளி தெரிந்ததும் நிறுத்துங்கள். இரத்தம் வந்தால் கோர்ன் ஃப்ளவர் மாவை அழுத்திப் பிடியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு காலோடு விடலாம்.

சத்தத்துக்குப் பழக்குவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். குட்டி சாப்பிடும்போது தலைமுடி டிரையரை அடுத்த அறையில் போடுங்கள். தட்டிலிருந்து தலை நிமிரவில்லை என்றால் நாளுக்கு நாள் கொஞ்சம் கிட்டக் கொண்டு வரலாம். முகத்துக்கு நேரே காற்றுப் பிடிக்காதீர்கள். வீட்டில் தாடி வெட்டும் டிரிம்மர் இருந்தால் நல்லது: முதலில் நிறுத்தியபடி தொடுங்கள், பிறகு தூரத்தில் ஓட விடுங்கள், பிறகு ஓடும்போதே அதன் பின்பக்கத்தைத் தோளில் வையுங்கள். உயரத்துக்குப் பழக்க, வொஷிங் மெஷின் மேல் வழுக்காத ரப்பர் விரிப்பைப் போட்டு நிறுத்தலாம். ஆனால் ஒரு கை எப்போதும் குட்டியின் மேல் இருக்க வேண்டும். பொமரேனியன் போன்ற சிறு இனங்கள் அந்த உயரத்திலிருந்து குதித்தால் முன்னங்கால் முறியலாம்.

நாய்களுக்கு முடி வெட்டும் சலூனுக்கு எப்போது? தடுப்பூசிகள் முடிந்து மிருக வைத்தியர் சரி என்ற பிறகு. கடைசி ஊசி பெரும்பாலும் 16 வாரமளவில் இருக்கும். குட்டிகளின் உயிரையே எடுக்கும் பார்வோ வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், அதனால் இதில் அவசரம் வேண்டாம். அதுவரை வீட்டுப் பயிற்சி. முதல் தரம் போகும்போது முடி வெட்டக் கேட்காதீர்கள். மேசையில் நிற்க வைத்து, ஒரு தரம் வாரி, ஒரு நகம் வெட்டி, கோழி கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுக்கிற இடம் உங்களுக்கு வேண்டாம். பூட்டிய கூட்டுக்குள் சூடான டிரையர் போடுவார்களா, அடங்காவிட்டால் மயக்க மருந்து கொடுப்பார்களா என்றும் கேளுங்கள். இரண்டில் எதற்கு ஆம் என்றாலும் திரும்பிவிடுங்கள். மூக்குச் சப்பையான ஷிட்சு, பக் வகைகளுக்குச் சூட்டில் மூச்சு வாங்கும், காலைநேரமாகப் பதிந்துகொள்ளுங்கள்.

பயிற்சியின் போது நீங்கள் சொன்ன "கால்", "காது" என்ற சொற்களை வெட்டுபவருக்கும் சொல்லிக்கொடுங்கள். பெரும்பாலும் சிங்களப் பிள்ளைகள்தான், சிரித்துக்கொண்டே சொல்லிப் பார்ப்பார்கள். சனிக்கிழமையும் தீபாவளிக்கு முந்திய கிழமையும் கூட்டம், போகாதீர்கள். கொழும்பு–காலி வீதி நெரிசலில் முச்சக்கரவண்டியில் குலுங்கிப்போய் இறங்கியதும் நேரே உள்ளே கொண்டுபோகாமல் வெளியே கொஞ்சம் நடக்க விடுங்கள், வாந்தி வருகிற குட்டிகளுக்கு இது கட்டாயம். முடி வளர்ந்துகொண்டே இருக்கும் இனம் என்றால் அடுத்த தேதியை 4 முதல் 6 வாரத்துக்குள் அங்கேயே குறித்துக்கொண்டு வாருங்கள். லாப்ரடோர்காரருக்கு அந்தச் செலவு இல்லை, வீட்டில் முடியை வாரி, குளிக்க வார்த்து, நகத்தைப் பார்த்துக்கொண்டால் போதும்.