பால்மரக் கட்டையில் வான்கோழி வால்: கவிழ்த்துப் பார்த்த பிறகே பறியுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பால்மர (ரப்பர்) காடுகளை ஒட்டி வளர்ந்தவர்களுக்கு, மழை விட்ட சில நாள்களில் பட்ட கட்டைகளின் மேல் விசிறி விசிறியாகக் காளான் அடுக்கடுக்காகப் படர்ந்திருப்பது பழகிய காட்சிதான். முன்பெல்லாம் அதை யாரும் குனிந்துகூடப் பார்த்ததில்லை. உடலுக்கு நல்லது என்று கசாயம் வைத்துக் குடிக்கப்படும் வான்கோழி வால் காளானைப் பற்றிப் படித்துவிட்டு, வரி வரியாக நிறம் தெரிந்தவுடன் பை நிறையப் பறித்து வருபவர்களை இப்போது அடிக்கடி காண்கிறேன். இந்தக் காளானில் மேற்பக்கம் கண்ணை ஏமாற்றக்கூடியது. எதையும் உறுதி செய்ய வேண்டுமானால் அடிப்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

நானும் ஏமாந்தவள்தான். பளபளக்கும் பழுப்பு வரிகளோடு இருந்த ஓர் அடுக்கைப் பறித்துக்கொண்டு, பெருமையாகப் பட்டணத்துச் சீன மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்கார முதியவர் ஒன்றும் பேசாமல் ஒரு விசிறியைக் கவிழ்த்து, அதன் குட்டைக் காம்பின் அடியை நகத்தால் தட்டிக் காட்டினார். சட்டைப் பொத்தானைப் போன்ற மஞ்சள் நிறப் பாதம் ஒன்று அங்கே இருந்தது. அது மைக்ரோபோரஸ் சாந்தோபஸ் என்னும் வேறு காளான். அந்தப் பெயரின் பின்பாதிக்கே ‘மஞ்சள் கால்’ என்றுதான் பொருள். வான்கோழி வாலுக்குக் காம்பே கிடையாது. அது பக்கவாட்டில் கட்டையோடு நேரடியாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

உண்மையான வான்கோழி வாலின் அறிவியல் பெயர் டிராமேட்டஸ் வெர்சிகலர். லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டிலேயே இதற்குப் ‘பல நிறம் கொண்டது’ என்ற பொருளில் வெர்சிகலர் என்று பெயரிட்டார். பழுப்பு, சாம்பல், துரு, வெளிர்மஞ்சள், சில வேளைகளில் நீலம் கலந்த கருமை என்று நிறம் மாறிக்கொண்டே இருப்பதால், நிறத்தை மட்டும் வைத்து இதை அடையாளம் காண முயல்வது வீண் வேலை. இறந்த அகலிலை மரங்களின் கட்டையிலும் அடிமரத்திலும் இது வளரும். ஒரு விசிறி பொதுவாக 2 முதல் 8 சென்டிமீட்டர் வரை அகலமும், 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை தடிப்பும் கொண்டிருக்கும். புதிதாக இருக்கும்போது மெல்லிய தோல் போல வளையும், ஒடியாது. மேற்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினால், ஒரு வரி வெல்வெட்டு போல மயிரடர்ந்தும் அடுத்த வரி பட்டுப் போல வழவழப்பாகவும் மாறி மாறித் தட்டுப்படும். வளர்ந்துகொண்டிருக்கும் காளானின் விளிம்பு வெளுப்பாக இருக்கும்.

இனிக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பக்கம் வெள்ளையாகவோ பாலாடை நிறத்திலோ இருக்க வேண்டும். அதில் ஊசி முனையால் குத்தியது போன்ற நுண்துளைகள் நெருக்கமாக நிறைந்திருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் குறைந்தது மூன்று துளைகளாவது இருக்கும் என்பதால், கண் கூர்மையானவர்கள் வெயிலில் சாய்த்துப் பிடித்தே பார்த்துவிடலாம். மற்றவர்கள் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்சு ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அடிப்பக்கம் துளையே இல்லாமல் வழவழவென்று இருந்தால் அது ஸ்டீரியம் இனம். பார்த்தவுடன் நம்மை அதிகம் ஏமாற்றுவது அதுதான். தட்டுத் தட்டாகச் செவுள்கள் இருந்தால் அது லென்சைட்டஸ் வகை. மைக்ரோபோரஸ் இனத்தில் துளைகள் உண்டு என்றாலும், அவை மிக நுண்ணியவை என்பதால் வெறுங்கண்ணுக்கு வழவழப்பாகத்தான் தெரியும். மேற்பக்கம் முழுவதும் ஒரே சாம்பல் வெள்ளையாக, முரட்டு மயிரோடு இருந்தால் அது பெரும்பாலும் டிராமேட்டஸ் ஹிர்சுட்டா.

தோட்டத்தில் தேடுபவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று, உயிருள்ள பால்மரத்தின் தூரில் முளைக்கும் ரிஜிடோபோரஸ் என்னும் காளான். வெள்ளை வேர் நோய் என்று தோட்டத்தார் அஞ்சும் நோயை உண்டாக்குவது இதுவே. பால்மரத்தில் இது முதலில் காணப்பட்டது 1904-இல், சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில். இதற்கும் மேலே வட்ட வட்டமாக வரிகள் இருக்கும். ஆனால் உடல் தடித்து மரக்கட்டை போலிருக்கும்; மேற்பக்கம் செம்மஞ்சளாகவும், விளிம்பு பளிச்சென்ற மஞ்சளாகவும், அடிப்பக்கமும் செம்மஞ்சளாகவும் தெரியும். இதைக் கண்டால் பறிக்காமல் தோட்ட அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். பக்கத்து மரங்களின் வேருக்கும் அது பரவியிருக்கக்கூடும். செம்பனையின் அடியில் மினுமினுக்கும் தடித்த கேனோடெர்மா காளானையும், வேலிக்கட்டையில் சிவக்கச் சிவக்க முளைக்கும் காளானையும் வான்கோழி வாலோடு குழப்பிக்கொள்ள வழியில்லை. பட்ட பால்மரக் கிளைகளில் சாம்பல் நிறத்தில் பூனைமயிர் போல வரும் சின்னஞ்சிறு விசிறி, மலாய்க்காரர்கள் செண்டாவான் குக்கூர் என்று அழைத்துச் சமைக்கும் காளான். அதன் செவுள்கள் நடுவே பிளந்திருக்கும். சுவைக்காகத் தேடுபவர்களுக்கு அதுதான் ஏற்றது. வான்கோழி வாலை மென்று விழுங்க முடியாது.

எல்லா அடையாளங்களும் பொருந்தினாலும், டிராமேட்டஸ் இனத்தின் வெப்பமண்டல உறவுகள் சிலவற்றை நுண்ணோக்கி இல்லாமல் பிரித்தறிய இயலாது. ஆகையால், முதல் முறை பறித்ததைப் பானையில் போடுவதற்கு முன், பூஞ்சை படித்த ஒருவரிடம் காட்டுங்கள். கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்திலும் பல்கலைக்கழகங்களிலும் அத்தகையோர் இருக்கிறார்கள். தேடிப் போகும் நாள்களில் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்ப நேரிடும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்கே பறிக்கக் கூடாது என்பதும் அதே அளவுக்கு முக்கியமானது. காளான் தான் வளரும் கட்டையிலிருந்தும் சுற்றியுள்ள மண்ணிலிருந்தும் உலோகங்களையும் மருந்துகளையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பாராக்குவாட் என்னும் களைக்கொல்லி இந்நாட்டில் 2020-ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டுவிட்டாலும், வேறு களைக்கொல்லிகள் இன்றும் நிரைகளுக்கு இடையே தெளிக்கப்படுகின்றன. மருந்தடித்த நிரையிலும் லாரி ஓடும் சாலையோரத்திலும் இருப்பதைத் தொட வேண்டாம். பழைய இரயில் தண்டவாளக் கட்டைகளும், பூச்சி அரிக்காமலிருக்க மருந்து ஏற்றிய பலகைகளும் அறவே கூடாது. தோட்டத்துக்குள் போவதற்கு நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். காப்புக் காடுகளில் 1984-ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி, உரிமம் இன்றி எந்த வனப்பொருளையும் எடுக்க இயலாது.

பறிக்கும்போது இளசானதையே தேர்ந்தெடுங்கள். மேலே பச்சைப் பாசி படிந்தது, அடிப்பக்கம் மஞ்சளித்தது, வண்டு துளைத்தது ஆகியவற்றைக் கட்டையிலேயே விட்டுவிடலாம். பாராங் கத்தி கொண்டு கட்டையையே பிளக்க வேண்டியதில்லை. சிறு கத்தியே போதும். வீட்டுக்கு வந்தவுடன் தூரிகையால் மண்ணைத் தட்டி, ஓடும் நீரில் ஒரு முறை அலசி, ஈரம் இருக்கும்போதே கத்தரிக்கோலால் விரலகலத் துண்டுகளாக வெட்டிவிடுங்கள். நான் ஒரு முறை காய்ந்த பிறகு வெட்டலாம் என்று விட்டுவைத்து, கத்தரிக்கோலின் திருகையே உடைத்தேன்.

காய வைப்பதுதான் நம் ஊரில் பெரும்பாடு. நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் போதும். ஆனால் பிற்பகல் தவறாமல் மழை பெய்யும் மாதங்களில், முறத்தில் பரப்பிக் காற்றாடிக்குக் கீழே வைத்துவிட்டு, இறுதியில் 50 அல்லது 60 டிகிரி சூட்டில் அடுப்புப் பெட்டியில் சில மணி நேரம் வைப்பேன். வளைத்தால் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். அப்படியே புட்டியில் அடைத்தால் ஒரே வாரத்தில் பூசணம் பிடித்துவிடும்.

கசாயத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 5 கிராம் காய்ந்த துண்டுகளைப் போட்டு, மண்பானையிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ சிறு தீயில் ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் வரை, தண்ணீர் பாதியாகச் சுண்டும்வரை வைக்க வேண்டும். கொதிநீரை ஊற்றித் தேநீர் போல ஐந்து நிமிடம் மூடி வைத்தால் வெறும் மண் வாசனைதான் மிஞ்சும். காளானின் சுவர்ப் பொருள் கரைய நீண்ட நேரச் சூடு தேவை. வடிகட்டிச் சக்கையை எறிந்துவிடுங்கள். சுவை மண்வாசனையோடு இலேசாகக் கசக்கும். நான் ஒரு துண்டு இஞ்சியும் பனங்கற்கண்டும் சேர்ப்பேன். முதல் முறை அரைக் கோப்பை மட்டும் குடித்துவிட்டு, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். சிலருக்கு வயிற்றுப்போக்கு வரக்கூடும்.

இது புற்றுநோயைக் குணமாக்கும் என்று பாசாரில் பேசிக்கொள்பவர்கள் உண்டு. இக்காளானின் பூஞ்சை இழைகளிலிருந்து பிரித்தெடுத்த பி.எஸ்.கே. என்னும் பொருளுக்கு ஜப்பான் 1977-இல் அனுமதி அளித்தது. அங்கே அது அறுவைச் சிகிச்சைக்கும் கீமோ மருந்துக்கும் துணையாகவே கொடுக்கப்பட்டது. ஆலையில் தூய்மைப்படுத்தி அளவு நிர்ணயித்த அந்த மருந்தும், நம் பானையில் கொதிக்கும் கசாயமும் ஒன்றல்ல. மருத்துவச் சிகிச்சையை நிறுத்திவிட்டு இதைக் குடிப்பது உயிரோடு விளையாடுவது. கீமோ எடுத்துக்கொள்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், அன்றாடம் வேறு மருந்து உண்பவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் கொடுக்கவே வேண்டாம். கடையில் பொடியாகவோ குளிகையாகவோ வாங்குபவர்கள், பெட்டியின் மேல் எம்.ஏ.எல். என்று தொடங்கி, எட்டு இலக்கங்களுக்குப் பின் பாரம்பரிய மருந்தைக் குறிக்கும் டி (T) என்ற எழுத்து வரும் பதிவெண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக ஒரு வேலை. ஒவ்வொரு முறை பறிக்கும்போதும் சமைக்காத முழு விசிறி ஒன்றைத் தாள் பையில் போட்டு, பறித்த நாளையும் இடத்தையும் மரத்தையும் மேலே எழுதி வையுங்கள். குடித்தவருக்கு வாந்தியோ வயிற்று வலியோ வந்தால், மருத்துவமனைக்கு ஆளோடு அந்தப் பையும் போக வேண்டும்.