கேமராவும் லைடாரும் பொருந்துகிறதா? தூரத்துக் கம்பத்தைப் பாருங்கள்

வண்டியில் பொருத்திய கேமராவையும் லைடாரையும் (லேசர் கதிரால் தூரத்தை அளந்து, சுற்றுப்புறத்தைப் புள்ளிகளாகத் தரும் கருவி) ஒன்றோடொன்று பொருந்தவைக்கும் கேலிபரேஷன் முடிந்ததும் மென்பொருள் காட்டும் பிழை எண் சின்னதாக இருக்கிறதே என்று அப்படியே நம்பிவிடாதீர்கள். வண்டியை நிறுத்திவைத்து, லைடார் புள்ளிகளைக் கேமரா படத்தின் மேல் போட்டு, 50 மீட்டர் தள்ளி நிற்கும் ஒரு மெல்லிய கம்பத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கம்பத்தின் புள்ளிகள் பக்கத்தில் வெட்டவெளியில் விழுந்தால் இரண்டுக்கும் இடையிலான கோணம் தப்பு. வெறும் 1 டிகிரி பிசகினாலே அந்தத் தூரத்தில் கிட்டத்தட்ட 87 சென்டிமீட்டர் விலகிவிடும், அதாவது ஓர் ஆளே தன் புள்ளிகளை விட்டுத் தனியாக நிற்பார். தூரத்தில் சரியாக இருந்து கிட்டத்தில் மட்டும் விலகினால், சென்சார்களுக்கு இடையிலான தூரத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

சரி, நிற்கும்போது பொருந்தி, ஓடும்போது மட்டும் விலகுகிறதா? கேலிபரேஷனைத் தொடாதீர்கள், நேர ஒத்திசைவை, அதாவது இரண்டின் கடிகாரமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நொடிக்கு 10 முறை சுழலும் லைடார் ஒரு சுற்றை முடிப்பதற்குள், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 1.67 மீட்டர் நகர்ந்திருக்கும்.

அப்புறம், கேலிபரேஷனுக்காகப் படமெடுக்கும் கட்டம் போட்ட பலகையைத் தாளில் அச்சடித்து அட்டையில் ஒட்டாதீர்கள், வளைந்துவிடும். வளையாத அலுமினியப் பலகையை எடுத்து, படத்தின் மூலைகள்வரை கொண்டுபோய், நன்றாகச் சாய்த்துச் சாய்த்துப் படமெடுங்கள்.