கண் திறக்காத நாய்க்குட்டியை வளர்ப்பது எப்படி? முதலில் சூடு, அப்புறம்தான் பால்

தெருவோரம் கண் திறக்காத குட்டி ஒன்று கத்திக்கொண்டிருந்தால் உடனே தூக்கி வந்துவிடாதீர்கள். தாய் சாப்பாடு தேடிப் போயிருக்கலாம். குட்டி நனையாமல், வண்டி போகாத இடத்தில் இருந்தால் இரண்டு மூன்று மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். தாய் அடிபட்டுவிட்டது, இனி வராது என்று தெரிந்தால் மட்டும் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

1. சூடேற்றுங்கள்

குட்டி கத்துகிறதே, பசி போல என்று எல்லோரும் முதலில் பாலைத்தான் தேடுவார்கள். பல குட்டிகள் செத்துப்போவது இதனால்தான். பிறந்த குட்டியால் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ள முடியாது. முதல் வாரத்தில் அதற்குக் குளிரில் நடுங்கக்கூட வராது. உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் குடல் வேலை செய்யாது. அந்த நேரத்தில் ஊற்றும் பால் செரிக்காமல் வயிற்றிலேயே தங்கும், இல்லையென்றால் நுரையீரலுக்குள் போய்விடும்.

கையைக் கழுவிவிட்டு, சுண்டுவிரல் நுனியைக் குட்டியின் வாய்க்குள் வைத்துப் பாருங்கள். உள்ளே கதகதப்பாக இருந்து, நாக்கைச் சுருட்டி விரலை இழுத்துச் சப்பினால் நல்லது. வாய் சில்லென்று இருந்தாலோ, சப்பாமல் சும்மா கிடந்தாலோ பாலை எடுக்காதீர்கள். ஈரத்தைத் துடைத்து, உங்கள் உடம்போடு அணைத்து, ஒரு துணியால் போர்த்துங்கள். மெதுவாகத்தான் சூடு ஏற வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகலாம். ஹேர் டிரையர், அடுப்புச் சூடெல்லாம் வேண்டாம்.

அப்புறம் ஒரு அட்டைப்பெட்டியில் பழைய பருத்தித் துணி விரித்து, வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றி ஒரு ஓரத்தில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் இருக்க வேண்டும். முதல் வாரம் பெட்டிக்குள் 29 முதல் 32 டிகிரி இருந்தால் போதும். சென்னை வெயிலில் அது தானாகவே கிடைக்கும், ஆனால் ஃபேன் காற்றும் ஏசியும் நேராகப் படக்கூடாது.

2. பால்

பசும்பால் சரிப்படாது. நாய்ப்பாலில் இருக்கும் புரதமும் கொழுப்பும் அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பசும்பாலில் லாக்டோஸும் கூடுதல் என்பதால் வயிற்றுப்போக்கு வரும். பெட் ஷாப்பில் குட்டிகளுக்கான பால் பவுடர் கிடைக்கும், அதை டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி கலந்து, வெதுவெதுப்பாகக் கொடுங்கள்.

கைக்குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்க வைத்துப் பால் கொடுக்கவே கூடாது, புரையேறிவிடும். தாயிடம் குடிப்பது போலக் குப்புறப் படுக்க வைத்து, தலை லேசாக உயர்ந்திருக்கும்படி பிடியுங்கள். மூக்கு வழியாகப் பால் வந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம், உடனே நிறுத்துங்கள்.

ஒரு வேளைக்கு 100 கிராம் எடைக்குச் சுமார் 4 மில்லி. முதல் வாரம் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும்தான். வீட்டில் இரண்டு பேர் முறை வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

3. மூத்திரமும் மலமும்

மூன்று வாரம் வரை குட்டியால் இதைத் தானாகச் செய்ய முடியாது. தாய் நக்கிவிட்டுத்தான் போக வைக்கும். நீங்கள் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால், பால் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அடிப்பகுதியை மெல்லத் தடவிவிடுங்கள். சில நொடிகளில் மூத்திரம் வரும். மலம் ஒவ்வொரு முறையும் வராது, அதற்குப் பயப்பட வேண்டாம்.

4. எடை

சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதி வையுங்கள். பத்து நாளுக்குள் பிறந்தபோது இருந்த எடை இரட்டிப்பாக வேண்டும். ஒரு நாள் முழுக்க எடை ஏறவில்லை, அல்லது குட்டி விடாமல் முனகுகிறது என்றால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள், இந்த வயதில் சில மணி நேரத்தில் நிலைமை கைமீறிவிடும்.

உண்ணி இருந்தால் சீப்பாலோ இடுக்கியாலோ எடுங்கள். பெரிய நாய்க்கான உண்ணிப் பவுடரும் ஸ்பிரேயும் குட்டிக்கு விஷம்.

5. கண் திறந்த பிறகு

10 முதல் 14 நாளில் கண் திறக்கும். நாமாகப் பிரித்துவிடக் கூடாது. இரண்டாம் வாரத்தில் குடல் பூச்சிக்கான மருந்து தொடங்க வேண்டும், அளவை மருத்துவர் எடை பார்த்துச் சொல்வார். மூன்றரை நான்கு வாரத்தில் குட்டிகளுக்கான உணவைப் பாலில் குழைத்துத் தட்டில் வைக்கலாம். முதல் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில், வெறிநாய்க்கடிக்கான ஊசி மூன்று மாதத்தில். தடுப்பூசிகள் எல்லாம் போட்டு முடியும் வரை பார்வோ (குட்டிகளின் உயிரைப் பறிக்கும் வைரஸ் நோய்) பயம் உண்டு, எனவே தெருவில் இறக்கிவிடாதீர்கள்.