மழை நாளில் தரங்கம்பாடிக் கரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி, கார்த்திகையில் பூம்புகார், தரங்கம்பாடி, கோடியக்கரை பக்கம் போகலாமா என்று கேட்பவர்களிடம் தாராளமாகப் போங்கள் என்றே சொல்வேன். வயல்கள் பச்சையாக, வாய்க்கால்கள் நிறைந்து, கடல் கறுத்துக் கிடக்கும் அந்தக் கரையைக் கோடையில் பார்க்க முடியாது. ஆனால் போகிறவர்களில் பலர் மழைக்குப் பயப்படுகிறார்கள். உண்மையில் பயப்பட வேண்டிய காற்றையும் வெள்ளத்தையும் கவனிப்பதில்லை.

விடியற்காலையில் கொட்டும் மழையைப் பார்த்துப் பயணத்தையே கைவிடுவது முதல் தவறு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலோரத்தில் பெரும்பாலும் பின்னிரவிலும் அதிகாலையிலும்தான் மழை வலுக்கும். நிலத்திலிருந்து வீசும் குளிர்ந்த காற்றும் கடலிலிருந்து வரும் வாடையும் கரையருகே சந்திப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். முற்பகலுக்குள் வானம் வெளிவாங்கிவிடும் நாட்கள் பல. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் நெருங்கியிருந்தால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. வானிலை ஆய்வு மையம் விடுக்கும் ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் 24 மணி நேரத்தில் 12 முதல் 20 செ.மீ. வரை மழை எதிர்பார்க்கப்படுகிறது என்று பொருள். நாகப்பட்டினம், காரைக்கால் துறைமுகங்களில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா என்பதையும் செய்தியில் பாருங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், அந்த வட்டாரத்தின் தென்னந்தோப்புகளை என்ன செய்தது என்று அங்குள்ளவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அப்படிப்பட்ட நாளில் வீட்டில் இருப்பதுதான் சரி.

அடுத்ததை மிகுந்த கவலையோடு சொல்கிறேன். பூம்புகாரில் காவிரி கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்கு மழை நாளில் இறங்கிப் போவது ஆபத்து. கோடையில் குழந்தைகள் விளையாடும் அதே மணல்திட்டு, ஆற்றில் வெள்ளம் வரும்போது அடியிலிருந்து அரிபடும். மேலே நிற்பவருக்கு அது தெரியாது. ஆற்று நீர் வெளியே தள்ள, அலை உள்ளே தள்ள, நடுவில் சிக்கியவர் எவ்வளவு நன்றாக நீந்தினாலும் கரையேறுவது கடினம். உள்ளூரில் மழை இல்லாவிட்டாலும் மேற்கே பெய்த மழைநீர் இங்கேதான் வந்து சேரும். கரையில் அலைத்தடுப்புக்காகக் கொட்டிய கருங்கற்களும் ஆபத்துதான். பாசி படிந்த கல்லில் படம் எடுக்க ஏறாதீர்கள். மீனவர்கள் படகை மேலே இழுத்துக் கட்டியிருந்தால், நீங்களும் அலையை விட்டுத் தள்ளியே நில்லுங்கள். இடி இடித்தால் திறந்த மணலிலும் நிற்கக் கூடாது, தனிப் பனைமரத்தடியிலும் ஒதுங்கக் கூடாது. கட்டடத்துக்குள்ளோ, கூரை மூடிய காருக்குள்ளோ போய்விடுங்கள்.

ஒரே நாளில் பூம்புகாரில் தொடங்கிக் கோடியக்கரையில் முடிக்கத் திட்டமிடுபவர்களும் இருக்கிறார்கள். நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம் அது. இது கடைமடைப் பகுதி, அதாவது ஆற்றுப் பாசனத்தின் கடைசி முனை. கடல் மட்டம் உயர்ந்திருக்கும்போது ஆறுகளும் வாய்க்கால்களும் வடியாமல் தேங்கும். தாழ்வான சாலைகள் தண்ணீருக்கடியில் போகும். மேகமூட்டத்தில் மாலை ஐந்தரைக்கே இருட்டத் தொடங்கிவிடும். இரண்டு ஊர்கள் போதும்.

அப்படி இரண்டுதான் என்றால் ஒன்று தரங்கம்பாடியாக இருக்கட்டும். மழைக்கு ஒதுங்கிக்கொண்டே பார்க்க இவ்வளவு உள்ள ஊர் இந்தக் கரையில் வேறு இல்லை என்பது என் கருத்து. ஆனால் வருபவர்கள் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையின் முன் ஒரு படம் எடுத்துக்கொண்டு, தூறல் விழுந்ததும் காருக்குள் ஓடிவிடுகிறார்கள். கோட்டைக்குள் அருங்காட்சியகம் இருக்கிறது. ராஜ வீதியில் 1701இல் கட்டிய சீயோன் தேவாலயமும், 1718இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயமும் இருக்கின்றன. 1706இல் இங்கே வந்திறங்கித் தமிழில் அச்சு நூல்கள் வெளியிட்ட ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க் அடக்கம் செய்யப்பட்டிருப்பது இரண்டாவது தேவாலயத்தில்தான். கடலை ஒட்டிய மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோயிருக்கிறது. கரை அரிப்பு என்றால் என்னவென்று அங்கே நின்று பார்த்தால் புரியும். வழிபாட்டு நேரத்தில் தேவாலயத்துக்குள் படம் எடுப்பதைத் தவிருங்கள். அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை உண்டு என்பதை மறந்துவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள்.

கோடியக்கரைக்கு மழை விட்ட மறுநாள் போவது நல்லது. வலசைப் பறவைகள் வரும் காலம் இதுதான் என்றாலும், பெருமழையில் சதுப்பு நிலத்தின் நீர்மட்டம் உயர்ந்தால் பூநாரைகள் ஆழம் குறைந்த இடம் தேடி நகர்ந்துவிடும். காட்டுப் பாதையில் சக்கரம் புதையும். வனத்துறையினர் வேண்டாம் என்றால் வாதாடாதீர்கள். வேதாரண்யம் உப்பளங்களில் இந்த மாதங்களில் உற்பத்தி நடக்காது. வெள்ளைப் பாத்திகளை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

குடை இந்தக் காற்றுக்கு நிற்காது, மழைக்கோட்டு வேண்டும். மின்சாரம் போனால் கைப்பேசியில் பணம் செலுத்துவது நடக்காமல் போகலாம் என்பதால் கையில் ரொக்கம் இருக்கட்டும். படகுகள் கடலுக்குப் போகாத நாட்களில் உணவகத்தில் "இன்று பிடித்த மீன்" என்று கேட்காதீர்கள். வருவது ஐஸில் வைத்த மீனாகத்தான் இருக்கும். கருவாட்டுக் குழம்பு கிடைத்தால் அதைச் சாப்பிடுங்கள், அங்கே அது அருமையாக இருக்கும்.